படத்தில் இல்லாத காட்சி

ஜூன் 16

அக்கா,

முதலில் திட்டி முடித்துவிடு. நீ ரெக்கார்டிங்கில் இருந்த நேரம் பார்த்து, ஃபிரிட்ஜ் மேல் சீட்டு ஒட்டிவிட்டுக் கிளம்பியது தப்புதான். நேரில் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். அந்த வேலை ஏஜெண்டைப் பார்த்ததுமே “முழியே சரியில்லடா” என்றாயே. வீட்டில் இருப்பது நாம் இரண்டு பேர். அதில் ஒருவர் வேலையில்லாமல் சோபாவைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

வேலை பரவாயில்லை. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் தொழிற்சாலை. எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. மோட்டார், பேனல், விளக்கு எல்லாம் என் பொறுப்பு. நாற்பது பேர் ஒரே கொட்டகையில் தங்கியிருக்கிறோம். போனுக்கு இங்கே வழியில்லை. அதனால் கடிதம். உறையை நாங்கள் ஒட்டவே வேண்டாம், ஆபீசில் கொடுத்தால் போதும், சூப்பர்வைசர் ஐயாவே பார்த்து ஒட்டி அனுப்பிவிடுவார். என்ன வசதி பார்!

நம் கடற்கொள்ளைக்காரர் படத்தின் தமிழ் டப்பிங்குக்கு நீதான் புது வசனம் எழுதப்போகிறாய் என்று சொன்னாயே, எதுவரை வந்திருக்கிறாய்? எனக்கு இங்கே அடிக்கடி ஒரு காட்சி ஞாபகம் வருகிறது. புதிதாகக் கப்பலில் ஏறுகிறவர்களின் பூட்ஸை எல்லாம் கழற்றச் சொல்லி, சாக்கில் போட்டுப் பூட்டி, சாவியைக் கேப்டன் இடுப்பில் செருகிக்கொள்வானே, அது. “கப்பலை விட்டு எங்க போகப் போறீங்க, பூட்ஸ் எதுக்கு?” என்பான். அதற்கு வசனம் எழுதிவிட்டாயா? நன்றாக எழுது.

தம்பி


ஜூன் 20

டேய் வாலு,

திட்டி முடிக்கச் சொன்னாய். எங்கே முடிக்கிறது, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. அன்றைக்கு வந்து பார்த்தால் ஃபிரிட்ஜ் மேல் அந்தச் சீட்டு. “வேலை கிடைத்துவிட்டது, தேடாதே.” ஏழு வருஷமாக உனக்கு அம்மாவும் நான், அப்பாவும் நான். எனக்கு ஒரு வரிச் சீட்டு! நன்றாக இருடா, வேறென்ன சொல்ல.

ஊர் பேர் இல்லை, தெருப் பேர் இல்லை, ஒரு தபால் பெட்டி எண் மட்டும். இது என்ன கம்பெனி? போனுக்கு வழியில்லை என்றால் டவர் இல்லையா, போனே இல்லையா? ஒழுங்காக எழுது.

படத்துக்கு வருகிறேன். நீ சொல்கிற பூட்ஸ் காட்சி படத்தில் கிடையவே கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தப் படத்தை என் கண் முன்னால் ஓட்டி நிறுத்தி ஓட்டுகிறேன். ஒவ்வொருவன் உதடு எங்கே மூடுகிறது, எங்கே திறக்கிறது என்று எனக்கு மனப்பாடம். ஆட்கள் ஏறும் காட்சியில் பச்சைக் கோட்டுக் கேப்டன் ஆளுக்கொரு மரக்கரண்டி கொடுப்பான். “இது தொலைஞ்சா அன்னியோட சாப்பாடு போச்சு” என்பான். கரண்டியடா, பூட்ஸ் இல்லை. நாற்பது தடவை பார்த்தவனுக்கு இதுகூடவா மறக்கும்? ஒருவேளை மூல நாவலில் இருக்கலாம். படம் எடுத்தவர்கள் பாதிக் கதையை வெட்டித்தானே எடுத்தார்கள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

கோபம் போகவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 25

வாத்தியாரம்மா,

திருத்த ஆரம்பித்துவிட்டாயா? சரி, நாவலில்தான் படித்திருப்பேன். நன்றாகத் தேடு.

இன்னொரு காட்சியும் சேர்த்துத் தேடு. கப்பல் தச்சன் இருப்பானே, நல்ல மனுஷன், எல்லாரையும் சிரிக்க வைப்பான். அவன் வலது கையில் கொதிக்கிற தார் கொட்டிவிடும். கேப்டன் டாக்டரைக் கூப்பிட மாட்டான். தச்சனைக் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, மற்றவர்களிடம் “அவன் கரையில இறங்கிட்டான்” என்று சொல்லிவிடுவான். ஆனால் விளக்கு போடக் கீழே போகிற ஒருத்தனுக்கு மட்டும் அவன் முனகுவது கேட்கும். அவன் வெளியே சொல்லவும் முடியாமல், சாப்பிடவும் முடியாமல் கிடப்பான். அவன் முகம்தான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது அக்கா.

அது எந்த அத்தியாயம் என்று சீக்கிரம் பார். ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளாதே.

சாப்பாடு கிடைக்கிறது. வேலை இருக்கிறது.

தம்பி


ஜூலை 2

வாலு,

உன்னால் எனக்கு ஒரு வாரம் வீண். நாவலை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, அடிக்குறிப்பு உட்படப் படித்தேன். கண் பூத்துவிட்டது. பூட்ஸைப் பூட்டி வைக்கிற காட்சி நாவலிலும் இல்லை. தச்சன் ஒருத்தன் வருகிறான், பதினோராவது அத்தியாயத்தில், ஆனால் அவன் கையில் தார் எதுவும் கொட்டவில்லை. கடைசிவரை இரண்டு கையோடும் திடகாத்திரமாக இருந்து, கல்யாணமும் செய்துகொள்கிறான். கீழ்த்தளத்தில் இருப்பது உப்பும் கயிறும். படத்தையும் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டேன். விளக்கு போடப் போகிறவன் என்று ஒரு ஆளே கிடையாது.

சவுண்ட் இன்ஜினியரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க தம்பி வேற ஏதோ படம் பாத்துட்டு உங்களப் போட்டு அலைய வைக்கிறாரு” என்றார்.

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? உன் கம்பெனியில்தான் பூட்ஸைப் பிடுங்கிப் பூட்டி, எவனோ ஒருத்தன் கையை வேக வைத்து, அறையில் அடைத்துப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ கப்பல், கேப்டன் என்று உளறிக்கொண்டிருக்கிறாய். சரிதானே? அப்படி இருந்தால் உன் சூப்பர்வைசருக்கு ஒரு பச்சைக் கோட்டு வாங்கி அனுப்பி வைக்கிறேன், போட்டுக்கொள்ளட்டும்!

போடா, போய் வேலையைப் பார். அடுத்த கடிதத்திலாவது சரியாக ஞாபகம் வைத்து எழுது.

அக்கா


ஜூலை 6

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

நான் இங்கு நலமாக உள்ளேன். நிர்வாகம் எங்களை நன்கு கவனித்துக்கொள்கிறது. உணவு, தங்குமிடம், மருத்துவ வசதி அனைத்தும் திருப்திகரமாக உள்ளன. இங்கு எவருக்கும் எந்தக் குறையும் இல்லை.

முந்தைய கடிதங்களில் நான் எழுதியவை அனைத்தும் திரைப்படக் கதை மட்டுமே. அவற்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். இனிமேல் திரைப்படம் குறித்து எழுத மாட்டேன்.

ஒரு வருட ஒப்பந்தம் முடியும் வரை ஊர் திரும்ப இயலாது. என்னைத் தேடி வர வேண்டாம். தங்கள் முகவரி நிர்வாகத்திடம் பத்திரமாக உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி


ஜூலை 9

என் கண்ணு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. ஆனால் உன்னிடம் பேசாமல் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் கடிதம் வந்தது. கையெழுத்து உன்னுடையது, பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொன்னது வேறு யாரோ. நீ என்னை எப்போதடா ‘அவர்கள்’ என்றிருக்கிறாய்? முகவரி பத்திரமாக இருக்கிறது என்பது மிரட்டல்தானே? பழைய கடிதங்களை எடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். உறையை ஒட்டவே வேண்டாம் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாயேடா! எல்லாவற்றையும் அவர்கள் படிக்கிறார்கள் என்று இதைவிட எப்படிச் சொல்வாய்? படத்தில் இல்லாததை எல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். படத்தில் எது இல்லை என்று உலகத்திலேயே என் ஒருத்திக்குத்தான் உடனே தெரியும் என்று நம்பி எழுதியிருக்கிறாய். நான் என்ன செய்தேன்? சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு திருத்தினேன். ஒருவன் கை வெந்து பூட்டிய அறையில் கிடக்க, நான் அடிக்குறிப்பில் அவனைத் தேடினேன்.

அதோடு விட்டேனா? கிண்டல் என்று நினைத்து எல்லாவற்றையும் பச்சையாகப் போட்டு உடைத்து, அவர்கள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு உன்னை என்ன செய்தார்கள்? அடித்தார்களா?

காவல் நிலையத்துக்குப் போனேன். உன் கடைசிக் கடிதத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, “பையனே நல்லா இருக்கேன்னு எழுதியிருக்கானேம்மா, அப்புறம் என்ன?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதைக் காட்டினால், “இது சினிமாக் கதை” என்கிறார்கள். அங்கிருந்து தொழிலாளர் துறைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் அதிகாரி முழுவதும் பொறுமையாகக் கேட்டார். உறை மேல் இருந்த தபால் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “இந்த வட்டாரத்துல அனுமதி இல்லாம நடக்கிற பட்டறை ஏகப்பட்டது இருக்கு. எதுன்னு தெரியாம நான் ஒவ்வொண்ணாத் தட்டினா, ரெண்டாவது கதவு தட்டுறதுக்குள்ள அவன் ஆளுங்களை வேற இடத்துக்கு மாத்திடுவான். இடத்தை மட்டும் சொல்லுங்க, உத்தரவு வாங்கிட்டு வண்டி எடுக்கிறேன்” என்றார்.

இடம். அதை உன்னிடம் எப்படிக் கேட்பேன்? நான் எழுதுவதை முதலில் படிப்பவன் அவன். இனி ஒரு வார்த்தை தப்பினால் நீ எனக்குக் கிடைக்க மாட்டாய். இன்றைக்கு மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். நாளைக்கு ஒரு முட்டாள் மாதிரி எழுதப்போகிறேன். அதைப் படித்து நீ என்னைத் தப்பாக நினைத்துவிடாதே என்று சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு மனசு குளிர்ந்தது. என்ன மரியாதை, என்ன அழகான நடை! நல்ல இடத்தில் இருந்தால் பிள்ளைகள் எப்படித் திருந்துகிறார்கள் என்பதற்கு நீதான் சாட்சி. உன் சூப்பர்வைசர் ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல். போன கடிதத்தில் நான் கிண்டலாக ஏதோ கிறுக்கிவிட்டேன். சினிமாவிலேயே கிடந்து மூளை குழம்பிப்போனவள் என்று அவர் பெரிய மனசு பண்ணி மறந்துவிட வேண்டும்.

சினிமா பற்றி எழுத வேண்டாம் என்றாய். உன் காலில் விழுகிறேன், கடைசியாக ஒரே ஒரு உதவி. நான்காம் ரீல் பாழாகிவிட்டது. பாய்மர உச்சியில் நிற்கிற காவல்காரன், சுற்றிலும் என்னென்ன தெரிகிறது என்று கேப்டனிடம் நீளமாகக் கத்திச் சொல்வானே, அந்த இடத்தில் படமும் இல்லை, சத்தமும் இல்லை. அந்த வசனத்தை நீ மனப்பாடமாகச் சொல்வாய். எனக்குத்தான் சுத்தமாக மறந்துவிட்டது. அதை எழுதித் தராவிட்டால் என்னை வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்கிறார் முதலாளி. எந்தத் திசையில் எது தெரிகிறது என்று ஒன்று விடாமல் எழுது.

சூப்பர்வைசர் ஐயா அனுமதித்தால், படத்தின் தொடக்கத்தில் நன்றி அட்டையில் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். அவர் இனிஷியல் என்ன என்று கேட்டு எழுது.

உன் அன்பு அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

சூப்பர்வைசர் ஐயா அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு முறைதான் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் சின்ன வயதில் நாடகத்தில் நடித்தவராம். நான் எழுதிய வசனத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, இரண்டு வார்த்தையை அவரே மாற்றிக் கொடுத்தார். இனிஷியலைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வசனம் இதுதான்:

“தலைவரே! வடக்கே இரட்டைக் கோபுரம் தெரிகிறது. ஒன்றின் தலை இடிந்து கிடக்கிறது. புகை மற்றதன் உச்சியில் மட்டும். கிழக்கே வெள்ளை வெளேரென்று ஒரு குன்று, புல் பூண்டு இல்லை. முதுகுப் பக்கம் ஆறு. ஆற்றின் மேல் இரும்புப் பாலம், நாளுக்கு இரு முறை அது அதிர்கிறது. கோட்டை மதில் நீல நிறம், இரண்டு ஆள் உயரம். வாசல் ஒன்றே ஒன்று, அதில் நாய்கள். தலைவரே, சிறகொடிந்த பறவை கத்துவதை நிறுத்திவிட்டது. அதன் கூண்டில் நாற்றம் வருகிறது. விரைந்து கரை சேருங்கள். காற்று திரும்பினால் கப்பலும் இடம் மாறிவிடும்.”

மிகவும் உணர்ச்சியுடன் படிக்க வேண்டும் என்கிறார் ஐயா.

தம்பி


ஜூலை 18

தம்பி,

வசனம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரெக்கார்டிங். பெரிய டைரக்டர் அம்மாவே நேரில் வருகிறார், கூட நானும் இருப்பேன். ஐயாவுக்கு என் நன்றி.

சாப்பிடு. எப்படியாவது ஒரு வாய் சாப்பிடு.

அக்கா


ஜூலை 27

தம்பி,

உன்னை மாவட்டக் காப்பகத்தில் இறக்கிவிட்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை நாம் சந்திக்கக் கூடாதாம். நான் உனக்குச் சொல்லிக் கொடுத்ததாக கம்பெனி வக்கீல் கிளப்பிவிடுவாராம். கடிதம் எழுதலாம் என்றார் அதிகாரி. அதனால் இது.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அந்த மொட்டைப் புகைபோக்கியையும் சுண்ணாம்புக் குவியலையும் ரயில் பாலத்தையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் அலைந்தோம். அந்தக் காவல்காரன் படத்தில் பேசுவது ஒரே வார்த்தை, “கரை!” என்று. மற்றதெல்லாம் நீ எழுதியது. நீலச் சுவரைக் கண்டுபிடித்த பிறகுதான் ‘வியாழக்கிழமை’ என்று உனக்கு எழுதினேன். அன்றைக்கு உள்ளே வந்தால், நாற்பது பேரும் வெறுங்காலோடு வரிசையில் நிற்கிறீர்கள். நீ பாதியாக இளைத்திருக்கிறாய். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்கிறார், “ஏதாவது குறை இருக்கா?” “இல்லம்மா, நல்லா இருக்கோம்.” உன் முறை வந்தது. நான் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். “நல்லா இருக்கோம்” என்றாய். என்னைக் காட்டி, “இவங்களத் தெரியுமா?” என்று கேட்டார். “தெரியாது” என்றாய்.

என் முகத்தைப் பார்த்துச் சொன்னாயடா.

அதிகாரி திரும்பி ஜீப் பக்கம் நடந்தார். அவர் என்ன செய்வார், ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் கீழே ஸ்டோர் ரூம் என்று காட்டிய அந்த இரும்புக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். நீ எழுதிய ‘தச்சன்’, உங்கள் வெல்டர் அண்ணன், மிச்சமிருந்த ஒரு கையால்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். வலது கையை முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் விடவில்லை, இன்னும் பேச்சு வரவில்லை. “ரெண்டு வாரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா ரெண்டு மூணு விரலோட போயிருக்கும்” என்றார் டாக்டர். இரண்டு வாரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் நாவல் படித்த வாரம் ஒன்று, கிண்டல் கடிதம் எழுதி, அது உன்னிடம் வந்து, உன் பதில் என்னிடம் வந்த வாரம் ஒன்று. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்” என்று அழுதார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கையில் ஈயம் கொட்டியது அவர் குடித்துவிட்டு வேலை செய்ததால், பூட்டியது அவர் கலாட்டா செய்ததால் என்று சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உன் கடிதங்களை அதிகாரியிடம் கொடுத்தேன், என் கடிதங்கள் சூப்பர்வைசர் மேசையிலேயே கிடைத்தனவாம். அவர்கள் வக்கீல் அவற்றின் நகலைப் புரட்டிவிட்டு, “எல்லாமே சினிமா விமர்சனமா இருக்கே” என்றாராம். அவற்றில் அங்கே குறை உண்டா இல்லையா என்று நீ நேராக எழுதியிருப்பது ஒரே கடிதம், எவருக்கும் எந்தக் குறையும் இல்லை என்கிற கடிதம்.

ஆறாம் தேதி விசாரணை. நீ வாயைத் திறந்தால்தான் உண்டு.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்கா,

இந்த உறையை ஒட்டிவிட்டு மூன்று தடவை பிரித்துவிட்டேன். ஒட்டிய உறையைப் பார்த்தாலே தப்பு செய்த மாதிரி இருக்கிறது. காப்பக வார்டன் கேட்டார், “ஏன் தம்பி, எச்சி வரலியா?” என்று. சிரிக்கப் பார்த்தேன்.

உன்னைத் தெரியாது என்றேன். ஆமாம். உன் கிண்டல் கடிதம் வந்த அன்று சூப்பர்வைசர் என்னைக் கீழே கூட்டிப்போய், அந்த இரும்புக் கதவைத் திறந்து, வெல்டர் அண்ணன் எதிரிலேயே என்னை நிற்க வைத்தார். என்னை அடிக்கவில்லை. “பக்கத்துல இன்னொரு ரூம் காலியா இருக்கு. உங்க அக்கா அட்ரஸும் இருக்கு” என்றார், அவ்வளவுதான். ஆகவே உன்னைக் காப்பாற்றத்தான் தெரியாது என்று சொன்னேன் என்று எழுதலாம். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். உண்மை அது இல்லை. அந்த நேரத்தில் நீ என் ஞாபகத்திலேயே இல்லை. அவர் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. பயம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நீ இரண்டு வாரக் கணக்குப் போடுகிறாய். என் கணக்கைக் கேள். தினமும் விளக்கு பார்க்கக் கீழே போனவன் நான். பேனல் சாவி என்னிடம்தான் இருந்தது. மொத்தக் கரண்டையும் அணைத்துவிட்டுக் கூச்சல் போட்டிருக்கலாம். நாற்பது பேரையும் எழுப்பியிருக்கலாம். நான் உட்கார்ந்து கப்பல் கதை எழுதினேன். புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வேண்டியவர் நேரில் வந்து, நேராகக் கேட்டபோது, ‘நல்லா இருக்கோம்’ என்றேன்.

நேற்று ஒருவர் இங்கே வந்தார். பழக்கூடை கொடுத்தார். “எல்லாரும் நல்லபடியா சொல்லியாச்சு, நீ மட்டும் ஏன் தம்பி?” என்றார். போகும்போது நீ வேலை செய்யும் ஸ்டுடியோ எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். பழத்தை யாரும் தொடவில்லை.

நான் போகாமல் இருந்துவிட்டால் என்ன அக்கா? திட்டாமல் சொல்.

தம்பி


ஆகஸ்ட் 4

தம்பி,

திட்டவில்லை.

அந்த ஆள் ஸ்டுடியோவுக்கும் வந்தான். ரிசப்ஷனில் உட்கார்ந்து என்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். உன்னிடம் மறைக்கலாம் என்றுதான் இருந்தேன். மறைத்து எழுதி நாம் பட்டது போதும். எனக்கும் பயம்தான். இரண்டு நாளாகச் சவுண்ட் இன்ஜினியர்தான் என்னைப் பஸ் ஏற்றிவிடுகிறார். பாத்திரம் விழுந்தாலே தூக்கிவாரிப் போடுகிறது. அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நீ போகாவிட்டால் அவர்கள் நம்மை விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறாயா? நமக்குத் தெரிந்தது தெரிந்ததுதானே. போகாவிட்டால் ஒன்று மட்டும் நடக்கும். வெல்டர் அண்ணன் குடித்துவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார் என்பது எழுத்தில் நின்றுவிடும்.

பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று உட்காராதே. அது போகாது. நடுங்கிக்கொண்டே சொல். உளறு, திக்கு, அழுதுகூடச் சொல். யாரும் உன்னைத் திருத்தப் போவதில்லை, நானும் திருத்த மாட்டேன்.

அதையும் மீறி உன்னால் முடியவில்லை என்றால் வீட்டுக்கு வா. கதவு திறந்துதான் இருக்கும். இதை மனசாரத்தான் எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

விசாரணை முடிந்து, அந்தக் கட்டடத்தின் படியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் மடியில் இருக்கிறது, கோழிக் கிறுக்கலாகத்தான் இருக்கும்.

சின்ன அறை. நீள மேசை. சூப்பர்வைசர் எனக்கு நேர் எதிரே, கையெட்டும் தூரத்தில், தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முன்னால் ஆறு பேர் போய், நல்லா இருக்கோம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

வக்கீல் நம் கடிதங்களை எடுத்து பூட்ஸ் காட்சியைச் சத்தமாகப் படித்தார். பச்சைக் கோட்டு வாங்கி அனுப்புவதாக நீ எழுதியதையும் படித்தார். அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். டைப் அடிக்கிறவரும் சிரித்தார். “இது சினிமாவுல வர்ற காட்சிதானே தம்பி? ஆமா இல்லன்னு சொல்லுங்க போதும்” என்றார் வக்கீல்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்விடலாம். தலையும் அசையப் பார்த்தது அக்கா, பொய் சொல்ல மாட்டேன். மேசைக்குக் கீழே இரண்டு காலும் தடதடவென்று ஆடியது எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

“இல்லைங்க” என்றேன். “படத்துல அது இல்ல. புத்தகத்துலயும் இல்ல. அந்தக் கடிதத்துலயே இருக்கு, படிச்சுப் பாருங்க. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரை தேடிப் பாத்தாச்சு. பூட்ஸும் இல்ல, கை வெந்தவரும் இல்ல, விளக்குப் போடப் போறவனும் இல்ல. அது நாந்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி உன் ஜூலை இரண்டாம் தேதிக் கடிதத்தைக் கையில் வாங்கி, முழுவதும் படித்தார். படித்துக்கொண்டே, பதிவுக்காகக் கேட்டார், “இவ்வளவு உறுதியா, இல்லவே இல்லைன்னு எழுதியிருக்காங்களே, யாரு இவங்க? அன்னிக்கு வாசல்ல நின்னாங்களே, தெரியாதுன்னு சொன்னீங்களே, அவங்களா?”

சூப்பர்வைசர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் மூச்சு இந்த முறை என் முகத்தில் பட்டது.

“ஆமாங்கம்மா. எங்க அக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினேன்.

தம்பி